பைக்கில் போகும்போது மழையில் பாதமும் காலும் நனையாமல் காப்பது எப்படி?

கருமாத்தூர் பயணி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கருமாத்தூரிலிருந்து செக்கானூரணி, திருமங்கலம் வழியாகக் கப்பலூர் தொழிற்பேட்டைக்கு நாள்தோறும் பைக்கில் வேலைக்குச் சென்று வருகிறேன். ஒரு வழிக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர் இருக்கும். மற்ற மாதங்களில் இந்தச் சாலையைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை; ஐப்பசி பிறந்துவிட்டால்தான் சிக்கல் தொடங்குகிறது. பிற்பகல் ஷிப்டுக்குக் கிளம்பும்போது வானம் வெறிச்சென்று இருந்தாலும், இரவு பத்தரைக்குத் திரும்பும்போது அடைமழையில் சிக்காமல் வீடு வந்து சேர்ந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

தலையும் உடம்பும் நனைவதில்லை. ஹெல்மெட்டும், சென்ற ஆண்டு டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய சட்டையும் பேண்ட்டுமான மழைக்கோட்டும் அந்தப் பொறுப்பைப் பார்த்துக்கொள்கின்றன. நனைவதெல்லாம் முழங்காலுக்குக் கீழேதான். தொழிற்சாலையில் முனையில் இரும்பு வைத்த தோல் சேஃப்டி ஷூ கட்டாயம் என்பதால் அதையே போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுகிறேன். போகும்போதே மழை பிடித்துக்கொண்டால், நனைந்த ஷூவோடு எட்டு மணி நேரம் இயந்திரத்தின் முன் நிற்க வேண்டியிருக்கிறது. விரல் இடுக்குகளில் தோல் வெளுத்து உரிந்து, இப்போது அரிப்பும் சேர்ந்துகொண்டது. ஒருமுறை ஷூவைச் சீக்கிரம் உலர்த்தும் அவசரத்தில் விறகடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். அது காய்ந்தது உண்மைதான், ஆனால் அப்பளத்தைப் போல விறைத்து, மடிப்பு விழும் இடத்தில் வெடித்தும் போயிற்று.

இதுவரை இரண்டு வழிகளை முயன்று பார்த்தேன். முதலில் ஷூவின் மேல் பாலிதீன் பையைக் கட்டிக்கொண்டு ஓட்டினேன். செக்கானூரணி முக்கில் பிரேக்கை மிதித்தபோது கால் வழுக்கிப் பெடலை விட்டு நழுவியது, அன்றோடு அதை விட்டுவிட்டேன். அடுத்து, ஷூவின் மேல் மாட்டும் ரப்பர் உறையை வாங்கினேன். எனக்கு விளங்காதது இந்த இடத்தில்தான்: உறையைக் கழற்றிப் பார்த்தால் ஷூவின் வெளிப்புறத் தோலில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை, ஆனால் உள்ளே சாக்ஸைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிறது. உறையில் ஓட்டை எதுவும் இல்லை என்பதை வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தே உறுதி செய்துகொண்டேன். தண்ணீர் எந்த வழியாகப் போகிறது, அதை எப்படித் தடுப்பது என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சிம்மக்கல் கூரியர் எழுதியது:

தம்பி, பதினோரு ஆண்டுகளாக மதுரைக்குள் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்க்கிறேன். மணிநகரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கி நிற்கும் நாட்களில் சுற்று வழியாகப் போனாலும் நனைந்தே தீருவோம் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே காலை நனையாமல் காப்பாற்ற வேண்டும் என்ற ஆசையையே நான் விட்டுவிட்டேன். பின்பக்கம் வார் வைத்த ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, ஷூவையும் சாக்ஸையும் ஒரு சிறிய துண்டையும் இறுக்கிக் கட்டிய பையில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். வேலையிடத்து வாசலில் காலைத் துடைத்துவிட்டு ஷூவை மாட்டிக்கொண்டால் எட்டு மணி நேரமும் உலர்ந்த காலோடு நிற்கலாம். பாதம் நனைவதால் ஒன்றும் ஆகிவிடாது. நனைந்த பாதத்தை மூடி வைப்பதால்தான் எல்லாத் தொல்லையும் வருகிறது.

வார் இல்லாத செருப்பை மட்டும் போடாதீர்கள், கியர் மாற்றும்போது நழுவிவிடும். இன்னொன்று, முன்சக்கர மட்கார்டின் கீழ் முனை பல வண்டிகளில் குட்டையாகவே இருக்கிறது. ரப்பர் ஷீட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, இரண்டு போல்ட் போட்டு அங்கே தொங்கவிட்டால், சக்கரம் வாரி இறைக்கும் சேற்றுத் தண்ணீரில் பெரும்பகுதி உங்கள் கெண்டைக்காலுக்கு வராது. மெக்கானிக்கிடம் சொன்னால் கால் மணி நேரத்தில் முடித்துக் கொடுப்பார். தரையைத் தொடாத அளவுக்கு வெட்டச் சொல்லுங்கள்.

விளக்குத்தூண் தையற்காரர் எழுதியது:

கூரியர் அண்ணன் சொல்லும் வழி நகருக்குள் சரிப்படும். 25 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில், கல் தெறிக்கும் லாரிகளுக்குப் பின்னால், இரவு நேரத்தில் செருப்போடு போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கேள்வி கேட்டவரின் புதிருக்கு விடை அவர் எழுதியதிலேயே இருக்கிறது என்பதால் அதைப் பார்ப்போம். பைகளும் மழைக்கோட்டுகளும் தைத்துப் பழுது பார்ப்பது என் தொழில். மழைக்காலத்தில் என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் இதே குறையைத்தான் சொல்கிறார்கள்.

ஷூ வெளியே நனையாமல் சாக்ஸ் மட்டும் நனைகிறது என்றால் தண்ணீர் மேலேயிருந்து காலோடு இறங்கி வருகிறது என்று பொருள். கடையில் நின்றபடி அளவு பார்க்கும்போது மழைப் பேண்ட் கணுக்காலைத் தாண்டி நிற்கும். வண்டியில் உட்கார்ந்து முழங்கால் மடங்கியதும் அதே பேண்ட் நான்கு விரற்கடை மேலே ஏறிவிடும். எதிர்க்காற்று அதை இன்னும் சுருட்டிக் கொடுக்கும். அப்போது பேண்ட்டின் விளிம்புக்கும் ஷூவின் வாய்க்கும் நடுவில் திறந்து கிடப்பது உங்கள் உள் பேண்ட்டின் கரையும் சாக்ஸின் மேல்பகுதியும்தான். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதைப் போல அந்தப் பருத்தித் துணி தண்ணீரை இழுத்து, மேலே தொடை நோக்கியும் கீழே பாதம் நோக்கியும் கொண்டுபோகும். ரப்பர் உறை போட்ட நாளில் அந்தத் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்றிருக்கிறது. உறை தன் வேலையை ஒழுங்காகச் செய்ததுதான் உங்களுக்கு வினையாகிவிட்டது.

இரண்டாவது வாசல் மடி. உட்கார்ந்து ஓட்டும்போது நெஞ்சில் விழும் மழையெல்லாம் வழிந்து, இரு தொடைகளுக்கும் பெட்ரோல் டேங்குக்கும் நடுவில் சிறு குளம்போல் நிற்கும். பேண்ட்டின் நான்கு துண்டுகளும் வந்து சேரும் தையல் சரியாக அந்தக் குளத்துக்கு அடியில்தான் இருக்கிறது. துணி எவ்வளவு நல்ல துணியாக இருந்தாலும் ஊசி போன ஒவ்வொரு இடமும் ஓர் ஓட்டையே. நல்ல கோட்டுகளில் அந்தத் தையலின் உட்புறத்தில் சூடுவைத்து ஒட்டிய பட்டை ஓடும். அதைத்தான் சீம் டேப் என்கிறோம். பேண்ட்டை உள்வெளியாகத் திருப்பிப் பாருங்கள். பட்டை இல்லாவிட்டாலோ, பொருக்குத் தட்டி உரிந்திருந்தாலோ அந்த வழியாகவும் தண்ணீர் இறங்கும். கோட்டை ஈரத்தோடு மடித்து சீட்டுக்கு அடியில் திணித்து வைப்பவர்களுக்கு இந்தப் பட்டை ஒரு மழைக்காலத்தைக்கூடத் தாண்டுவதில்லை.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை, வீட்டு முற்றத்திலேயே சோதித்துப் பார்க்கலாம். செய்தித்தாளை இரண்டு விரல் அகலத்தில் கிழித்து, ஒரு துண்டை மடிக்கு உள்ளேயும், ஒன்றை முழங்காலிலும், ஒன்றைச் சாக்ஸுக்கு சற்று மேலே கெண்டைக்காலிலும் சுற்றி, கடைசித் துண்டை ஷூவுக்குள் விரல் நுனியில் வையுங்கள். மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, சென்டர் ஸ்டாண்ட் போட்ட வண்டியில் ஓட்டும் நிலையிலேயே உட்காருங்கள். வீட்டில் யாரையாவது ஹோஸ் பைப்பால் நெஞ்சிலிருந்து கீழ்நோக்கிப் பத்து நிமிடம் தண்ணீர் பாய்ச்சச் சொல்லுங்கள். எந்தத் தாள் முதலில் ஊறுகிறதோ அங்கேதான் பழுது பார்க்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளாமல் புதிது புதிதாக ஷூவையும் உறையையும் வாங்கிக்கொண்டிருப்பது பணத்துக்குக் கேடு.

மேலூர்க்காரர் (இப்போது சட்பரியில் இருப்பவர்) எழுதியது:

ஆறு குளிர்காலங்களாகக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் சட்பரி என்ற நிக்கல் சுரங்க நகரில் வசிக்கிறேன். சுற்றிலும் ஏரிகள். குளிர்காலத்தில் அவை உறைந்ததும் இவ்வூர்க்காரர்கள் ஸ்னோமொபைலை வெளியே எடுத்துவிடுவார்கள். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகளும் பின்னால் சுழலும் ரப்பர் பட்டையும் கொண்ட, ஏறத்தாழ நம் பைக்கைப் போலவே உட்கார்ந்து ஓட்டும் வண்டி அது. பக்கத்து மாகாணமான கியூபெக்கில் ழோசெஃப் அர்மாண்ட் பொம்பார்டியே என்பவர் 1959இல் ஸ்கி-டூ என்ற பெயரில் சிறிய வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகுதான் அது வீட்டுக்கு வீடு பரவியது. கப்பலூர் மழைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். முழங்காலை மடக்கி உட்கார்ந்தபடி ஈரத்துக்குள் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறவனின் கால் இங்கும் அங்கும் ஒன்றுதான். இங்கே கால் நனைந்தால் விரல் போய்விடும் என்பதால், இவர்கள் இதைப் பற்றி அதிகம் யோசித்திருக்கிறார்கள்.

முதல் குளிர்காலத்தில் நானும் தண்ணீர் புகாத பூட்ஸை வாங்கினால் போதும் என்றே நினைத்தேன். பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில் பனி, கோலமாவைப் போல உலர்ந்த பொடியாக இருக்கும். தட்டினால் உதிர்ந்துவிடும், நனைக்காது. அது எஞ்சின் சூட்டில் உருகும்போதும், பூட்ஸில் ஒட்டிய பனியோடு சூடான வீட்டுக்குள் நுழையும்போதும்தான் தண்ணீராகிறது. அதனால் வாசலில் ஒரு சிறு விளக்குமாறு வைத்து, காலைப் பெருக்கிவிட்டே உள்ளே போகிறார்கள். இதைவிட மோசமானது ஏரியின் மேல் இருக்கும் சேறு போன்ற பனிக்கூழ். மேலே விழுந்த பனியின் எடை உறைந்த ஏரியை அமுக்க, விரிசல் வழியாகத் தண்ணீர் மேலே வந்து, பனிப்போர்வைக்கு அடியில் உறையாமல் ஒளிந்து நிற்கும். வண்டி அதில் புதைந்துவிட்டால் இறங்கித் தூக்க வேண்டும். கால் முழங்கால் வரை உள்ளே போகும். தூக்கி முடிப்பதற்குள் வியர்த்துக் கொட்டும், அந்த வியர்வையும் ஈரம்தான். வெளியிலிருந்து வந்த தண்ணீரைவிட உள்ளே ஊறிய வியர்வைதான் அன்று என் கால்விரல்களை மரக்க வைத்தது.

இவர்கள் போடும் பேண்ட் இடுப்போடு நிற்பதில்லை. நெஞ்சு வரை ஏறி, தோளில் வாரால் தொங்கும். அதனால் இடுப்பு வழியாக ஒன்றும் இறங்காது. காலின் கீழ்ப்பகுதியில் இரண்டு அடுக்கு உண்டு. உள்ளடுக்கில் எலாஸ்டிக்கும் ஒரு கொக்கியும் இருக்கும், அதைப் பூட்ஸின் கயிற்றில் மாட்டிவிடுவார்கள். வெளியடுக்கு பூட்ஸுக்கு மேலே படிந்து தொங்கும். நம் ஊர் ஓட்டு வீட்டில் மேல் ஓடு கீழ் ஓட்டின்மீது படிந்திருக்கிறதே, அதே ஏற்பாடுதான். பேண்ட்டைப் பூட்ஸுக்குள் திணிப்பது ஓட்டைத் தலைகீழாக அடுக்குவதற்குச் சமம். நம் ஊரில் கம்பூட்ஸ் போடுகிறவர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். பூட்ஸுக்குள் கம்பளி உறை ஒன்று தனியாகக் கழன்று வரும். இரவில் அதை வெளியே எடுத்து உலர்த்தாமல் மறுநாள் யாரும் கிளம்ப மாட்டார்கள். சாக்ஸ் ஒன்றே ஒன்று, கம்பளியில். இரண்டு போட்டால் இறுகி, இரத்த ஓட்டம் குறைந்து, கால் கூடுதலாகக் குளிரும்.

இதில் மதுரைக்கு ஒத்துவராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விலையைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. வியர்வையை வெளியே விட்டு மழையை உள்ளே விடாத சவ்வு வைத்த துணி என்று கோர்-டெக்ஸ் வகையில் பலவும் விற்கிறார்கள். உள்ளே ஆவி மிகுந்தும் வெளியே குறைந்தும் இருக்கும்போதுதான் அது வியர்வையை வெளியே தள்ளும். இங்கே வெளிக்காற்று உலர்ந்தும் குளிர்ந்தும் இருப்பதால் நன்றாக வேலை செய்கிறது. ஐப்பசி மழையில் வெளிக்காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கும்போது, அதே துணி சாதாரண ரெக்சினைவிடக் கொஞ்சம்தான் மேலாக இருக்கும். உங்களுக்குக் குளிர் பகையில்லை. அந்தப் பணத்தில் இரண்டாவது ஜோடி ஷூ வாங்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றிப் போடுங்கள். பருத்திச் சாக்ஸை மட்டும் விட்டுவிடுங்கள். மெல்லிய கம்பளியோ நைலான் கலந்ததோ பருத்தியைப் போல ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளாது என்பதை இங்கே குழந்தைக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

நனைந்த ஷூவை உலர்த்த அடுப்பு வேண்டாம். உள்ளட்டையை உருவிக் காற்றில் தனியாக வைத்து, ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஒரு மணி நேரத்தில் அந்தத் தாளை மாற்றி, மேசை விசிறிக்கு முன்னால் வையுங்கள். தாளை மாற்றாமல் விட்டால் அது உறிஞ்சிய ஈரம் அங்கேயே நிற்கும். எங்கள் தாத்தா தோல் செருப்புக்கு விளக்கெண்ணெய் தடவி வைப்பார். வெடிப்பு விடாமல் இருக்க அது இன்றைக்கும் பொருந்தும்.

ஓய்வுபெற்ற செவிலியர் எழுதியது:

எல்லோரும் துணியைப் பற்றியே பேசுகிறீர்கள். தம்பி எழுதிய அரிப்பைப் பற்றி நான் சொல்கிறேன். அது சேற்றுப்புண்ணாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் சுண்டுவிரலுக்கும் அதற்கு அடுத்த விரலுக்கும் இடையில் தொடங்கும் பூஞ்சைத் தொற்று அது. வேலைக்குப் போனதும், வீட்டுக்கு வந்ததும், ஒவ்வொரு விரல் இடுக்கையும் தனித்தனியாகத் துடைத்து உலர விடுங்கள். குளோட்ரிமசோல் களிம்பு பொதுவாகக் கேட்கும், ஆனால் அரிப்பு நின்ற அன்றே நிறுத்திவிட்டால் திரும்பி வரும். மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகளில் ஸ்டீராய்டு இருக்கக்கூடும். இரண்டு நாள் அரிப்பை அடக்கிவிட்டுப் பூஞ்சையைப் பரவச் செய்யும். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுவதை நான் குறை சொல்லவில்லை, பூசிய ஈரத்தோடு சாக்ஸை மாட்டுவதைத்தான் குறை சொல்கிறேன்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் கூரியர் தம்பியின் செருப்பு யோசனையைப் பின்பற்ற வேண்டாம். காலில் கீறல் விழுந்தாலும் உணராமல் இருப்பார்கள். தேங்கிய தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கலாம். காயத்தின் வழியாக எலிக்காய்ச்சல் தொற்றும். அந்தத் தண்ணீரில் கால் நனைந்த சில நாட்களிலோ வாரங்களிலோ கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சேர்ந்து வந்தால், கசாயம் குடித்துக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். தண்ணீரில் நடந்ததையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கருமாத்தூர் பயணி மீண்டும் எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் சோதித்துப் பார்த்தேன். மச்சான் ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு, இதுவரை என்மீது வைத்திருந்த கோபத்தையெல்லாம் தீர்த்துக்கொண்டார் என்றே நினைக்கிறேன். பத்து நிமிடம் கழித்துத் தாள்களை எடுத்துப் பார்த்தபோது, கெண்டைக்காலில் சுற்றியது கூழாகிக் கையோடு வந்தது. மடியில் வைத்தது ஓரத்தில் மட்டும் நனைந்திருந்தது. முழங்காலில் இருந்ததும், ஷூவுக்குள் விரல் நுனியில் இருந்ததும் எழுத்து படிக்கும் அளவுக்கு உலர்ந்திருந்தன. இரண்டு ஆண்டுகளாக ஷூவையே திட்டிக்கொண்டிருந்தேன். இன்னொன்றையும் கவனித்தேன்: வலது காலைவிட இடது காலில்தான் ஈரம் அதிகம். வழக்கம்போல் கியரை மாற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்ததில், ஒவ்வொரு முறை பாதத்தை அசைக்கும்போதும் இடது பேண்ட்டின் விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியிருக்கிறது.

செக்கானூரணியில் ஒரு தையல் கடையில் அதே வகை ரெக்சின் துணியில் இரண்டு காலுக்கும் ஆறு அங்குலம் கூடுதலாகச் சேர்த்து, மேலூர் அண்ணன் சொன்ன கொக்கிக்குப் பதிலாக, ஷூவின் குதிகாலுக்கு முன்னால் பாதத்தின் அடியில் மாட்டும்படி எலாஸ்டிக் வார் ஒன்றும் தைத்துக்கொண்டேன். உள் பேண்ட்டைச் சாக்ஸுக்குள் விட்டு, கெண்டைக்காலில் பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மாட்டிவிடுகிறேன். இறுக்கினால் கால் மரத்துவிடுகிறது என்பதால் தளர்வாகவே வைத்திருக்கிறேன். இந்த வாரம் இரண்டு நாள் மழையில் வந்தேன். திருமங்கலத்தில் தொடங்கிய மழை வீடு வரை விடாத செவ்வாய்க்கிழமை இரவுகூட, சாக்ஸைக் கழற்றித் தலைகீழாகப் பிழிந்து பார்த்தேன், எதுவும் வரவில்லை. மடி மட்டும் இன்னும் நனைகிறது. தையல் பட்டை பாதி உரிந்திருப்பதைக் கண்டேன்.

இப்போது ஒரு புதுச் சிக்கல். கூடுதலாகச் சேர்த்த துணி வலது பக்கம் சைலன்சரில் பட்டு, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு உருகி ஓட்டையாகிவிட்டது. என்ன செய்யலாம்?

விளக்குத்தூண் தையற்காரர் எழுதியது:

சைலன்சர் இருக்கும் பக்கத்தை நான் முன்பே எச்சரித்திருக்க வேண்டும். ஓட்டைக்கு ரெக்சினில் ஒட்டுப் போட்டால் அதுவும் உருகும். பழைய தோல் பையிலிருந்து ஒரு துண்டை வெட்டி, கணுக்காலின் உட்பக்கத்தில், ஓட்டைக்கு மேலும் கீழும் இரண்டு அங்குலம் மூடும்படி வெளிப்புறத்தில் வைத்துத் தையுங்கள். வலது காலில் மட்டும் எலாஸ்டிக் வாரை ஓர் அங்குலம் இறுக்கினால் துணி காலோடு ஒட்டி நிற்கும், காற்றில் பறந்து சைலன்சரைத் தொடாது. மடித் தையலுக்கு, உரிந்த பட்டை முழுவதையும் நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, துணியை வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே புதிய பட்டையை ஒட்ட வேண்டும். ஈரத்தின் மேல் ஒட்டினால் இரண்டாம் மழைக்கே எழும்பிவிடும். நேரம் இருந்தால் கடைக்குக் கொண்டுவாருங்கள், சூடு வைத்து ஒட்டித் தருகிறேன். வரும்போது பேண்ட்டை மடிக்காமல் சுருட்டிக் கொண்டுவாருங்கள்.